வீட்டுக்கு மியூசிக் சிஸ்டம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடைக்கு ஸ்பீக்கர் வயர் வாங்கப் போயிருந்தேன். இளைஞர் ஒருவர் வைஃபை ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வாட்ஸ், பேஸ் எப்படி, ஆப்பில் என்னென்ன வரும் என்று கால் மணி நேரம் விசாரித்தார். வீட்டில் யார் கேட்பார்கள் என்று கடைக்காரர் கேட்டதற்கு, "அம்மா அப்பாதான், நான் சென்னையில இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகும் பேச்சு பேஸுக்கே திரும்பியது.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வீடுகளில் பதினைந்து வருடமாக மியூசிக் சிஸ்டம் மாட்டித் தரும் வேலையைச் செய்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாங்கினேன். வயரில் பிளஸ் மைனஸ் மாறிப்போவது, ஸ்பீக்கரை மூலையில் திணிப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை யாரும் சொல்லித் தருவார்கள்.

எல்லோருக்கும் ஒரே சத்தம் என்று நினைப்பது

வயதானால் முதலில் குறைவது மேல் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த போன்ற எழுத்துகள் மங்கி, பாட்டு கேட்கும், சொல் புரியாது. அங்கே பேஸைக் கூட்டினால் சொல் இன்னும் அமுங்கும். பெரியவர்களுக்கு, பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் வேண்டாம். குரல் தெளிவாக வரும் சின்ன ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்கு மூன்றடியில் வையுங்கள்.

கச்சேரி கேட்பவருக்குத் தேவை வேறு. ராகம் தானம் பல்லவியை ஆல்பத்தில் பல துண்டாகப் பிரித்திருப்பார்கள். துண்டுகளை இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஓட்டும் கேப்லெஸ் வசதி இல்லாத கருவியில் ஒவ்வொரு துண்டு முடியும்போதும் தம்புரா அறுந்துபோய்த் திரும்ப வரும். அப்படி ஓர் ஆல்பத்தைக் கடையிலேயே போட்டுக் கேளுங்கள். மிக்ஸிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் நடுவில் சமைத்துக்கொண்டே கேட்பவருக்கு, ஈரக் கையால் திருக முடிகிற பெரிய வால்யூம் குமிழ் இருந்தால் போதும்.

வீட்டுப் பாட்டை ஒருவர் போனில் கட்டிவைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இந்தத் தவறை என் அம்மாவுக்கே செய்தவன் நான்.

2019ல் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று மூன்று வைஃபை ஸ்பீக்கர் வாங்கினேன். 48,000 ரூபாய். மூன்றும் என் போனில், என் பாட்டுச் சேவைக் கணக்கில். அம்மாவுக்கு விடியற்காலை 5.30க்கு சுப்ரபாதம் வேண்டும். அதுவரை பழைய டேப்ரிக்கார்டரில் ஒரு பட்டனை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நானே பரணில் ஏற்றினேன். அப்புறம் நான் எழுந்து போட்டால்தான் பாட்டு. குடியாத்தம், ஆம்பூர் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டால் அன்றைக்கு வீட்டில் பாட்டே கிடையாது.

இன்னொன்றும் நடந்தது. வாடிக்கையாளர் வீட்டில் சத்தம் எப்படி இருக்கிறது என்று காட்ட என் கணக்கிலிருந்து ஒரு பாட்டைப் போடுவேன். அதே நொடி எங்கள் ஹாலில் அப்பா கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றுபோகும். தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் ஓடும். ஸ்பீக்கர் பழுது என்றே அப்பா நினைத்திருந்தார். மூன்று மாதம் கழித்து ஒருநாள் விடிகாலையில் டேப்ரிக்கார்டர் சத்தம் கேட்டு விழித்தேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து இறக்கியிருந்தார் அம்மா. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இதையே பெரிய செலவில் காட்பாடி காந்தி நகரில் பார்த்தேன். ஓய்வுபெற்ற கணவன், மனைவி. பெங்களூருவில் இருக்கும் மகன் ஒன்றரை லட்சத்துக்கு எல்லாம் வாங்கி மாட்டிவிட்டு, கணக்கைத் தன் போனிலேயே கொண்டுபோய்விட்டார். ஒருநாள் இரவு 11.30க்கு ஹாலில் திடீரென்று முழுச் சத்தத்தில் பாட்டு. பெங்களூருவில் மகன் தன் போனில் ஸ்பீக்கர் பட்டியலைத் திறந்தவர், தவறுதலாகப் பெற்றோர் வீட்டு ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டார். சில சேவைகளில், கணக்கோடு சேர்ந்துவிட்ட ஸ்பீக்கர் ஊர் தாண்டிப் போனாலும் பட்டியலில் நிற்கும். பெரியவருக்கு நிறுத்தத் தெரியாமல் மெயின் சுவிட்சையே அணைத்திருக்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கழட்டிட்டு எங்க பழைய செட்டையே வெச்சிடுப்பா" என்றார்.

கழற்றவில்லை. பெற்றோர் பெயரில் தனிச் சந்தா போட்டேன். இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரீமர் ஒன்றை, எண் பட்டன் உள்ள ரிமோட்டோடு வருவதாகப் பார்த்து மாட்டினேன். 1ஐ அழுத்தினால் காலைப் பக்திப் பாடல்கள், 2ல் பெரியவரின் பழைய பாடல்கள், 3ல் இணைய வானொலி. சும்மா கிடந்த ஒரு போனைச் சார்ஜரோடு ஹாலிலேயே நிரந்தரமாக வைத்தேன். ஒரே வீட்டில் பலர் இருந்தால் யூடியூப் மியூசிக்கில் குடும்பச் சந்தா உண்டு. ஆறு பேர் வரை தனித்தனிக் கணக்கு கிடைக்கும். ஒருவர் பாட்டு இன்னொருவரை நிறுத்தாது.

புளூடூத் போதாதா என்பார்கள். அதில் பாட்டு போன் வழியாகப் போகிறது. அழைப்பு வந்தால் நிற்கும், போன்காரர் கடைக்குப் போனால் பாட்டும் கூடவே போகும். ஸ்பீக்கரே இணையத்திலிருந்து நேராகப் பாட்டை எடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இணையமே வேண்டாம் என்கிற பெரியவருக்கு, 5,000 பாட்டு உள்ளேயே பதிந்து வரும் கர்வான் போன்ற பெட்டி நல்ல தேர்வு. அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

மாட்டி முடித்ததும் உங்கள் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, அம்மாவைப் பாட்டு வைக்கச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

லாஸ்லெஸ் மோகம்

லாஸ்லெஸ் என்றால் பதிவின் தரம் குறையாமல் வரும் பாட்டு. சிடி தரம் நொடிக்கு 1,411 கிலோபிட். சுருக்கிய பாட்டின் 320 கிலோபிட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை உணர நல்ல ஹெட்ஃபோனும் அமைதியான அறையும் பழகிய காதும் வேண்டும். ஹாலில் கேட்கிறவர்கள் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம்.

தடித்த சுவர்

பழைய வீடுகளின் ஒன்றரையடிச் சுவரைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். 2.4ல் இணையுங்கள். முடிந்தால் லேன் வயர் இழுத்துவிடுங்கள்.

மூடிய ஷோகேஸ்

மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். ஆம்ப்ளிஃபயரைக் கண்ணாடிக்குள் அடைக்காதீர்கள்.

இன்வெர்ட்டர்

ஸ்பீக்கரை மட்டும் சேர்த்தால் போதாது. ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அதில் இருக்க வேண்டும்.