கார்வையை விழுங்கிக்கொண்டிருந்தேன்

வீட்டில் மிருதங்கத்தில் ஒழுங்காக வரும் கோர்வை, அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் சொல்வரிசை, மேடையில் மட்டும் தாளத்தின் முதல் தட்டான சமத்துக்கு முன்னாலேயே வந்து விழும். பதினாறு வயதில் ஒரு கோயில் கச்சேரியில், தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் அப்படித்தான் ஆனது. பாடகர் தொடையில் போட்ட தாளம் ஓரிடம், நான் ஓரிடம். கை போதவில்லை என்று நினைத்து தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வாசித்தேன். கோர்வை இன்னும் முந்தி ஓடியது.

மிருதங்கம் சொல்லிக்கொடுத்த சார் திட்டவில்லை. என் கைப்பேசியில் இருந்த பதிவைக் கேட்டுவிட்டு, "சொல்லெல்லாம் சரிடா, கார்வையைத்தான் முழுங்குறே" என்றார். 'ததிகிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல் மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது வாசிக்காமல் விடும் இடைவெளி: 5+2+5+2+5, மொத்தம் 19. பதற்றத்தில் அந்த இரண்டு எனக்கு ஒன்றரையாகச் சுருங்கியிருக்கிறது. வாசிக்காத இடத்தில் தப்பு செய்துகொண்டிருந்தேன்!

இரண்டு வாரம் மிருதங்கத்தைத் தொடக் கூடாது என்றார். கையில் ஆதி தாளம், வாயில் சொற்கட்டு, தட்டு எண்ணிக் காட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60இல். கார்வை வந்தால் 'தா-ஆ' என்று வாய்விட்டு நிரப்ப வேண்டும். பழகியபின் மனதுக்குள் மட்டும். வெறுப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒருநாள் தன் கச்சேரியிலேயே பக்கத்தில் உட்காரவைத்து, தனியில் கடைசிக் கோர்வையை என்னிடம் தள்ளிவிட்டார். நான் வாசிக்க, அவர் தாளம் போட்டார், ஒரு விரல்கூட அவசரப்படாமல். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் பிசைந்து ஒட்டிய ரவை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது தொம் முடிந்து, கை சரியாகச் சமத்தில் இறங்கியது.

"ரவைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுப் பிசையணும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.