அடுக்களை டப்பாவிலிருந்து தொட்டிக்கு: மல்லி, வெந்தயம், திருநீற்றுப்பச்சிலை

"மல்லி போட்டேன், முளைக்கவே இல்லை, எனக்குக் கைராசி கிடையாது" என்று சொல்லும் ஒருவராவது எல்லாத் தெருவிலும் இருப்பார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விதையை முழுசாகப் போட்டிருப்பார், இல்லையென்றால் சித்திரை வெயிலில் போட்டிருப்பார். இந்த இரண்டையும் சரிசெய்தாலே போதும், மளிகைக் கடையில் வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கும் அதே மல்லி உங்கள் மாடியில் தழைத்து வரும்.

நாம் மல்லி விதை என்று சொல்லும் அந்த உருண்டை உண்மையில் ஒரு காய்ந்த பழம். உள்ளே இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை உடைத்துப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும், ஒரு உருண்டைக்கு இரண்டு செடி கிடைக்கும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கரிசல் மண்ணில் மானாவாரியாக மல்லி போடுகிறவர்களும் விதையைத் தேய்த்து உடைத்துத்தான் விதைப்பார்கள். வீட்டில் இதற்குச் சப்பாத்திக் கட்டை போதும். ஒரு துணியில் பரப்பி லேசாக உருட்டுங்கள், இரண்டாகப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். அழுத்தித் தேய்த்துப் பொடியாகிவிட்டால் அதைக் குழம்புக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடைப்பதற்கு முன்னால் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஈரத்துணியில் பத்து உருண்டையைச் சுற்றி, காயாமல் பார்த்துக்கொண்டு, பத்து நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். ஆறேழு முளைத்திருந்தால் தைரியமாக விதைக்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் அந்த மல்லி பழசு, வேறு வாங்குங்கள். வறுத்ததும், ஏற்கெனவே பருப்பாக உடைத்து விற்பதும் முளைக்கவே முளைக்காது. விதைக் கடை பாக்கெட்டில் வாங்குவதிலும் தப்பில்லை, ஆனால் அதில் ரோஸ் நிறச் சாயம் ஏறியிருந்தால் பூஞ்சணக் கொல்லி தடவியது என்று அர்த்தம், அதை மறந்துபோய்க்கூடச் சமையல் டப்பாவோடு கலந்துவிடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள்.

அப்புறம் பருவம். மல்லி குளிர்ச்சிக்குப் பழகிய செடி. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நிலையாக நின்றால் முளைப்பும் குறையும், முளைத்ததும் இலை விடுவதை நிறுத்திவிட்டு அவசர அவசரமாகப் பூத்துவிடும். நம் ஊரில் ஐப்பசி முதல் தை வரைக்கும் அதற்கு உகந்த காலம். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் முளைத்து இரண்டு மூன்று அங்குலம் வரும்வரை சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். கோடையிலும் வேண்டும்தான் என்று பிடிவாதமாக இருந்தால் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், பச்சை நிழல்வலைக்குக் கீழே போட்டு, விரலளவு வந்ததும் அறுத்துவிட வேண்டியதுதான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மல்லிக்கு ஆணிவேர், நேராகக் கீழே இறங்கும், அதனால் 6 முதல் 8 அங்குலமாவது ஆழம் வேண்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நடவும் கூடாது, எங்கே விதைக்கிறீர்களோ அங்கேயே வளரட்டும். மண்ணுக்குப் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை: செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. நார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் மட்டும் போடவே போடாதீர்கள்.

உடைத்த விதையை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து, நெருக்கியடிக்காமல் தூவி, மேலே அரை அங்குலம் மண் போட்டு மூடுங்கள். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் விதையெல்லாம் ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும், மூடியில் ஊசியால் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலால் தெளியுங்கள். மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால் ஈரமும் நிற்கும், எறும்பு, புறா தொல்லையும் குறையும். ஏழு நாளில் முளைக்கலாம், பதினைந்து நாளும் ஆகலாம். எட்டாம் நாள் விரலை விட்டுக் கிளறிப் பார்க்கிற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து ஒல்லியாகச் சாய்ந்துவிடும்.

முளைத்த பிறகு அதிகம் சாவது தண்ணீர் கூடிப்போய்த்தான். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நைந்து, நேற்று நிமிர்ந்து நின்றது இன்று படுத்துக் கிடக்கும், அதுதான் நாற்றழுகல். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காலையில் மட்டும் ஊற்றுங்கள்.

வெந்தயத்துக்கு இவ்வளவு பாடு கிடையாது. முதல்முறை விதைக்கிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு சேர்ந்து செய்கிறவர்கள், இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். ராத்திரி ஊறவைத்துக் காலையில் தூவினால் மூன்று நாலு நாளில் பச்சை தெரியும், இருபது இருபத்தைந்து நாளில் கீரை. நாலு அங்குல ஆழமுள்ள பழைய தட்டுக்கூடையே போதும். பயறு வகைச் செடி என்பதால் தனியாக உரம் கேட்காது.

திருநீற்றுப்பச்சிலையைச் சொல்லாமல் விட மனசில்லை. பலூடாவில் போடுகிற சப்ஜா விதை இதனுடையதுதான். பாஸ்தாவுக்கு என்று விலை கொடுத்து வாங்குகிற பேசிலும் இதே இனம்தான், வாசனையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அவ்வளவே. நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் சப்ஜா வாங்கி, ஊறவைக்காமல் ஈர மண்ணின் மேல் அப்படியே தூவுங்கள், ஊறினால் வழவழவென்று ஒட்டிக்கொண்டு தூவ வராது. மண் போட்டு மூடவும் வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். வெயிலுக்கும் அஞ்சாது, மல்லி தோற்றுப்போகும் மாதங்களில் இதுதான் கைகொடுக்கும். நாலு அடுக்கு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதராகும்.

புதினாவுக்கு விதை தேடாதீர்கள். சந்தையில் வாங்கும் கட்டில் தடித்த தண்டாக நாலைந்தை எடுத்து, இலையைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் வேர் விட்டுவிடும். கறிவேப்பிலையை விதையிலிருந்து வளர்க்கலாம், ஆனால் பழம் பறித்த சூட்டோடு சதையைக் கழுவிவிட்டுப் போட வேண்டும், காய்ந்த விதை முளைக்காது.

மல்லி ஐந்தாறு அங்குலம் வந்ததும் வேரோடு பிடுங்காமல், நடுக்குருத்தை விட்டுவிட்டு வெளி இலைகளைக் கத்தரியுங்கள், இன்னும் இரண்டு மூன்று முறை எடுக்கலாம். ஒரே நாளில் எல்லாத் தொட்டியையும் விதைத்துவிடாமல் பதினைந்து நாளுக்கு ஒன்றாக விதைத்தால் தை வரைக்கும் கை ஓயாமல் வரும். பூக்க ஆரம்பித்த கடைசித் தொட்டியை மட்டும் அறுக்காமல் விடுங்கள், தேனீ வரும், பச்சைக் காய் பிடிக்கும், அதில் நாலைந்தை நசுக்கி ரசத்தில் போட்டுப் பாருங்கள். மிச்சம் பழுப்பாகிக் காய்ந்ததும் உருவி, காகித உறையில் போட்டு, மேலே மாதத்தை எழுதி வைத்தால் அடுத்த ஐப்பசிக்கு விதை தயார்.