வளர்க்க விருப்பமில்லாத நிலையில் கரு தங்கிவிட்டால்: முடிவெடுப்பதற்கு ஒரு வழிகாட்டி

குழந்தை பெற்று வளர்க்கும் எண்ணமே இல்லாத நேரத்தில் நாள் தள்ளிப்போய், பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடுகளும் தெரிந்துவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக விளக்குகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் திட்டமிடாமல் ஏற்படும் கர்ப்பங்களில் பத்தில் ஆறு கருக்கலைப்பில் முடிகின்றன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7.3 கோடி கருக்கலைப்புகள் நடக்கின்றன. ஆகவே இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் அல்ல. இதற்காக உங்களை நொந்துகொள்வதில் ஒரு நாளைக்கூடக் கழித்துவிட வேண்டாம். அந்த நாள் உங்களுக்குத் தேவைப்படும்.

முதலில் வாரக்கணக்கு

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், இது எத்தனையாவது வாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பத்தின் வயதை மருத்துவர்கள் உடலுறவு நடந்த நாளிலிருந்து கணக்கிடுவதில்லை; கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். இதனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கைவிட மருத்துவரின் கணக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாகவே இருக்கும். ஒரு நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு மார்ச் 3ஆம் தேதி தொடங்கியது, ஏப்ரல் 14ஆம் தேதி பரிசோதித்தீர்கள் என்றால், கரு உருவாகி நான்கு வாரமே ஆகியிருந்தாலும், மருத்துவக் கணக்கில் அன்று நீங்கள் ஆறு வாரக் கர்ப்பிணி. அதே கணக்கில் மே 26ஆம் தேதி பன்னிரண்டு வாரம் நிறைகிறது. இந்த இரண்டு தேதிகளையும் வட்டமிட்டு வைத்துக்கொண்டால், யோசிப்பதற்கு உண்மையில் எவ்வளவு காலம் இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். பதற்றமும் ஓரளவு அடங்கும்.

பரிசோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கர்ப்பம் என்றே கொள்ள வேண்டும். கோடு தெரியாமல், மாதவிலக்கும் வராமல் இருந்தால், ஒரு வாரம் கழித்துக் காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொண்டு மறுபடியும் பரிசோதியுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும், கடைசியாக வந்த தேதி நினைவில்லாதவர்களும் ஸ்கேன் எடுத்து வாரத்தை உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஸ்கேனுக்கு இன்னொரு பயனும் உண்டு. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்குள் தங்காமல் பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். கருக்கலைப்பு மாத்திரைகள் அதைக் கலைப்பதில்லை. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை முனையில் வலி, மயக்கம், இடையிடையே உதிரப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், வேறெந்த யோசனையையும் ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாதுகாப்பற்ற உடலுறவு நடந்து ஐந்து நாள்கள் ஆகாத நிலையில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவசரக் கருத்தடை மாத்திரையோ காப்பர் டியோ கரு உருவாவதையே தடுக்கக்கூடும். மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்கிறீர்களோ அவ்வளவு பலன் உண்டு.

யாரிடம் சொல்வது, யார் முடிவெடுப்பது

முடிவு உங்களுடையது. கணவர், காதலர், பெற்றோர், மாமியார் ஆகியோரின் கருத்தைக் கேட்கலாம். ஆனால் கருவைச் சுமப்பதும், சிகிச்சையைத் தாங்குவதும், பெற்றெடுப்பதும் உங்கள் உடல்தான். "கலைத்துவிடு" என்று வற்புறுத்துவதும் தவறு, "பெற்றே ஆக வேண்டும்" என்று வற்புறுத்துவதும் தவறு. முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் மருத்துவமனைக்குக் கூடவே வரக்கூடியவராக அவர் இருக்கட்டும். அப்படி யாரும் இல்லையென்றால், மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ நேரடியாகப் பேசலாம்.

ஆலோசனை மையங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. கர்ப்பிணிகளுக்கு உதவுவதாக அறிவித்துக்கொள்ளும் சில மையங்கள், கருக்கலைப்பைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டு, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிச் சொல்லியே வாரங்களைக் கடத்திவிடுகின்றன. நேரில் போவதற்கு முன்பு தொலைபேசியில் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: "நீங்கள் கருக்கலைப்பு செய்கிறீர்களா? இல்லையென்றால் செய்யும் இடத்துக்குப் பரிந்துரைப்பீர்களா?" நேரடியான பதில் சொல்லாமல், நேரில் வந்தால் பேசலாம் என்று மழுப்புகிற இடத்துக்குப் போக வேண்டாம்.

கர்ப்பத்துக்குக் காரணம் வன்கொடுமை என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை வன்கொடுமை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மேலும், பல நாடுகளின் சட்டங்கள் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் சிறுமிகளுக்கும் கருக்கலைப்புக்கான கால வரம்பைக் கூடுதலாக வைத்திருக்கின்றன.

கருக்கலைப்பு

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சில நாடுகளில் குறிப்பிட்ட வாரம் வரை பெண் கேட்டாலே போதும். சில நாடுகளில் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். வேறு சிலவற்றில் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே அனுமதி உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் எத்தனை வாரம் வரை, எந்தக் காரணங்களுக்கு, யாருடைய கையெழுத்துடன் என்பதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் மாத்திரையே போதுமானது. முதலில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் விழுங்க வேண்டும். கர்ப்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இயக்குநீரின் வேலையை இது நிறுத்திவிடுகிறது. ஒன்று முதல் இரண்டு நாள்களுக்குள் மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். இது கருப்பையைச் சுருங்கச் செய்து கருவை வெளியேற்றுகிறது. இரண்டாவது மருந்தை நாக்கின் அடியிலோ கன்னத்தின் உள்பக்கத்திலோ வைத்துக் கரைய விட வேண்டும், அல்லது பிறப்புறுப்பினுள் வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் மாதவிலக்கைவிடக் கடுமையான வலியும், கட்டிகளுடன் கூடிய உதிரப்போக்கும் தொடங்கும். குளிர் நடுக்கமும் லேசான காய்ச்சலும் முதல் நாளில் வரக்கூடும். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையையும், போதுமான நாப்கின்களையும், பக்கத்தில் ஒரு ஆளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எது இயல்பு, எது ஆபத்து என்பதைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய நாப்கின்கள் மணிக்கு இரண்டு வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுவதும் நனைந்தால் அது ஆபத்து. 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ, மாத்திரைக்கும் அடங்காத வலி இருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரை போட்டும் உதிரப்போக்கே ஏற்படவில்லை என்றாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. மறுபுறம், சிறுநீர்ப் பரிசோதனை நான்கு வாரம் வரையிலும் கர்ப்பம் என்றே காட்டக்கூடும். அதைப் பார்த்து மட்டும் பயந்துவிட வேண்டாம்.

கருப்பைக்குள் காப்பர் டி இருப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இரத்தம் உறையாமைக் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் மாத்திரை எடுக்கவே கூடாது.

மாத்திரை வேண்டாம் என்று கருதுபவர்களுக்கும், மாத்திரை முழுமையாகப் பலன் தராதவர்களுக்கும் உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது. பதினான்கு வாரம் வரை இதைச் செய்யலாம். உணர்வகற்றும் ஊசி போட்டு, பெரும்பாலும் பத்து நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் பழைய டி அண்ட் சி முறையைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே உங்களுக்கு எந்த முறையைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பதினான்கு வாரத்தைக் கடந்த பிறகும் வழிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு வசதியான மருத்துவமனையும் அனுபவமுள்ள மருத்துவரும் தேவை.

நாட்டு மருந்து, வயிற்றை அழுத்திப் பிசைதல், குச்சி போன்ற எதையேனும் உள்ளே செலுத்துதல் ஆகியவை உயிரைப் பறித்திருக்கின்றன. ஏற்கெனவே அப்படி ஏதேனும் செய்திருந்தால், வெட்கத்தாலும் பயத்தாலும் மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாதுகாப்பாகச் செய்யப்பட்ட கருக்கலைப்பு மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடியும் கருத்தரிக்க முடியும் என்பதால், கருத்தடையைப் பற்றி அதே சந்திப்பில் பேசிவிடுங்கள். மனநிலை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டபோது, கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர், அது தங்களுக்குச் சரியான முடிவு என்றே கடைசி வரை கூறினர். சிறிது காலம் துக்கம் வரலாம். துக்கம் வருவதாலேயே முடிவு தவறாகிவிடாது.

பெற்றெடுத்துத் தத்துக் கொடுத்தல்

கலைக்க மனமில்லாதவர்களுக்கும், காலம் கடந்துவிட்டவர்களுக்கும் இருக்கும் முக்கியமான வழி இது. மேலே சொன்ன ஆய்வில், கேட்டும் கருக்கலைப்பு கிடைக்காமல் குழந்தை பெற்ற பெண்களில், பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே குழந்தையைத் தத்துக் கொடுத்தனர். மற்றவர்கள் தாங்களே வைத்துக்கொண்டனர். ஆகவே, கொடுத்துவிடலாம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிட்டாலும், பெற்ற பிறகு மனம் எப்படி மாறக்கூடும் என்பதையும் சேர்த்து யோசித்து வைப்பது உங்களுக்கு நல்லது.

குழந்தையை வளர்க்கப்போவது வேறு யாராக இருந்தாலும், கர்ப்பகாலப் பராமரிப்பு உங்களுக்கு உரியது. ஃபோலிக் அமில மாத்திரையை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டு, மதுவையும் புகையையும் விலக்கி, மருத்துவரைத் தவறாமல் பாருங்கள். தத்து விஷயத்தை மருத்துவமனையிலும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறந்த உடனே குழந்தையைப் பார்க்க வேண்டுமா, மடியில் வாங்கிக்கொள்ள வேண்டுமா, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்து தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், வலியின் நடுவே ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வராது.

ஒப்புதல் கையெழுத்தைக் குழந்தை பிறப்பதற்கு முன்பு யார் கேட்டாலும் போடாதீர்கள். நாடுகளுக்கிடையேயான தத்து குறித்த 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, தாயின் ஒப்புதல் குழந்தை பிறந்த பிறகே பெறப்பட வேண்டும் என்றும், அதற்காகப் பணமோ வேறு ஈடோ கொடுக்கக் கூடாது என்றும் கூறுகிறது. பல நாடுகள் உள்நாட்டுத் தத்துக்கும் இதே போன்ற விதியை வைத்திருப்பதுடன், கையெழுத்திட்ட பின்னரும் மனம் மாறுவதற்குச் சில நாள்களோ வாரங்களோ அவகாசம் தருகின்றன. அந்த அவகாசம் எத்தனை நாள், எந்தத் தேதியில் முடிகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தரகரோ செவிலியரோ தெரிந்தவரோ, நல்ல குடும்பம் இருக்கிறது, இவ்வளவு தருவார்கள் என்று பேச்சை எடுத்தால் அது குழந்தை விற்பனையாகிவிடும். சட்டத்தின் பிடியில் நீங்களும் சிக்குவீர்கள். அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனம் அல்லது அரசின் குழந்தைகள் நல அமைப்பு மூலமாகவே செல்ல வேண்டும்.

பெயர் வெளியே தெரியக் கூடாது என்பவர்களுக்குப் பல நாடுகள் வழி செய்திருக்கின்றன. பிரான்சில் தாய் தன் பெயரைச் சொல்லாமலேயே மருத்துவமனையில் பிரசவிக்கலாம். ஜெர்மனியில் 2014ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தாயின் அடையாளம் மூடி முத்திரையிட்டு வைக்கப்படும். குழந்தை 16 வயதானதும் அதை அறியக் கோரலாம். இதற்கு மாறாக, வளர்ப்புக் குடும்பத்துடன் கடிதம், படம், சந்திப்பு எனத் தொடர்பு வைத்துக்கொள்ளும் திறந்த முறையும் சில நாடுகளில் உண்டு.

உறவினர் ஒருவரே வளர்க்க முன்வந்தால், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் சட்டப்படியான காப்பாளர் பொறுப்பாகவோ தத்தாகவோ பதிவு செய்துவிடுங்கள். அந்தக் குழந்தையை எதிரே பார்த்துக்கொண்டே வாழ உங்களால் முடியுமா என்பதையும் முன்பே யோசியுங்கள். இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்களுக்குத் தற்காலிகப் பராமரிப்பு கிடைக்குமா என்று கேட்கலாம்.

பிரசவத்துக்குப் பிந்தைய நாள்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமை. குழந்தை கையில் இல்லாவிட்டாலும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பால் சுரந்து மார்பு கல்லாய்க் கட்டிக்கொள்ளும். எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டாலே ரவிக்கை நனைந்துவிடும். நன்றாகத் தாங்கும் உள்ளாடை அணிந்து, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, வலி தாங்காதபோது மட்டும் சிறிதளவு பாலைப் பீய்ச்சிவிடுங்கள். முழுவதும் பீய்ச்சினால் மேலும் சுரக்கும். பாலை நிறுத்தும் மாத்திரை வேண்டுமா என்று பிரசவத்தன்றே மருத்துவரிடம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மை, ஓயாத அழுகை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. குழந்தை உடன் இல்லாத தாய்க்கும் அது வரும், அதற்குச் சிகிச்சையும் உண்டு.

தத்து நிறுவனத்தை விட்டு வருவதற்கு முன்பு, உங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய், இதய நோய், பரம்பரை நோய் எவையேனும் இருந்தால் அவற்றை எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். விரும்பினால் குழந்தைக்கு ஒரு கடிதமும் எழுதி வைக்கலாம். பின்னாளில் உங்களுக்குப் புதிதாக நோய் ஏதேனும் தெரியவந்தால், அதையும் அந்தக் கோப்பில் சேர்க்க எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.