நீலகிரி மலை வீட்டில் திருவருகைக்காலத் தியானம்: நாள், திரி, வாசகம்

திருவருகைக்காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்பு. பல வீடுகளில் அந்தக் காலத் தியானம் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடுகிறது. தொடங்கும்போதே அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொள்வதுதான் காரணம். தினம் ஒரு மணி நேரம், விவிலியத்தில் மூன்று அதிகாரம் என்று தீர்மானித்தவர் டிசம்பர் 10-க்குள் களைத்துப்போகிறார். அதற்குள் கேரல் பவனி, வெள்ளையடிப்பு, கேக், ஊரிலிருந்து வரும் உறவுக்காரர் என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், ஒரே ஒரு வாசகப் பகுதி. இதற்கு மேல் வேண்டாம்.

முதலில் நாள் கணக்கு. நவம்பர் 30, அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் தொடக்கம். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். கிறிஸ்துமஸ் திங்களன்று வந்தால் நான்காம் வாரத்துக்கு ஒரே நாள்தான் மிஞ்சும், ஞாயிறன்று வந்தால் முழு ஏழு நாளும் கிடைக்கும். அதனால் காலண்டரைப் பார்த்த பிறகு வாசகங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மெழுகுதிரி வளையம்: பசுங்கொப்பு வளையத்தில் நான்கு திரி, ஞாயிறுதோறும் ஒன்றைக் கூடுதலாக ஏற்றுவோம். மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஸ், கிறிஸ்துமஸ் இரவுக்கு நடுவில் ஒரு வெள்ளை. ஊதாத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியின் அடியில் ஊதா ரிப்பன் கட்டினால் போதும். முதல் திரி நான்கு வாரமும் எரிய வேண்டும்: 15 நிமிடம் வீதம் 28 நாளுக்கு 7 மணி நேரம். இரண்டு செ.மீ. கனமுள்ள திரி மணிக்குச் சுமார் இரண்டரை செ.மீ. கரையும். எனவே 20 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த திரியை முதல் இடத்தில் வைக்காதீர்கள். நான்காவது திரி அதிகம் போனால் ஐந்து செ.மீ. கரையும். மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

வளையத்துக்கு வீட்டு வேலியோரச் சைப்ரஸ் கொப்பு நல்லது. காப்புக்காட்டில் வெட்டுவது சட்டப்படி குற்றம், சோலை மரத்தில் கையே வைக்க வேண்டாம். சைப்ரஸ் இலையில் பிசின் உண்டு. காய்ந்துவிட்டால் ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். ஞாயிறுதோறும் புதுக் கொப்பு மாற்றுங்கள்; இலைக்கும் சுடருக்கும் இடையே நான்கு விரலாவது இருக்கட்டும். தீப்பெட்டி நமத்துப்போகாமல் சமையல் அடுப்புப் பக்கம் வைத்திருங்கள். குளிருக்காகக் கரியடுப்பு மூட்டி, கதவும் ஜன்னலும் அடைத்துக்கொண்டு ஜெபிக்க உட்காராதீர்கள். அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத நஞ்சு இருக்கிறது. தலை கனத்துக் கண் சொக்குவதைத் தியானத்தின் அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. கம்பளியும் ஸ்வெட்டரும் போதும்.

நேரத்தை வீட்டு வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். கொழுந்து பறிக்கப் போகிற வீட்டுக்கு விடியற்காலை ஒத்துவராது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் சரியாக இருக்கும். சாப்பிட்ட பின் வைத்தால் குளிரில் பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடுவார்கள். கேரல் குழு வரும் இரவுகளில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு வாசகம் படித்து ஈடுகட்டவும் வேண்டாம். அன்றைய வாசகத்திலிருந்தே தொடருங்கள்.

செய்முறை எளிது. திரியை ஏற்றி, விளக்கை அணையுங்கள். ஒருவர் பகுதியைச் சத்தமாக, நிதானமாக வாசிக்கட்டும். மூன்று நிமிடம் மௌனம். இன்னொருவர் அதையே மறுபடி வாசிக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் மனதில் தங்கிய ஒரு சொல்லை மட்டும் சொல்லலாம். அந்த இடத்தில் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. பெரியவர் பிரசங்கம் தொடங்கினால் பிள்ளைகளின் காது மூடிக்கொள்ளும். கடைசியாக நாளைக்குச் செய்யப்போகும் ஒரு காரியம்: பேசாமல் இருக்கும் பங்காளிக்கு ஒரு போன், தர வேண்டிய கூலி பாக்கி. இவ்வளவு சிறியதாக இருந்தால்தான் நடக்கும்.

வாசகங்களில் முதல் வாரத்துக்கு எசாயா 2-உம் 64-உம், திருப்பாடல் 130-உம். விடியலுக்குக் காத்திருக்கும் காவலரைப் பற்றி அந்தத் திருப்பாடல் பேசுகிறது. காட்டுப்பன்றிக்கும் காட்டெருமைக்கும் பயந்து தோட்டத்தில் இரவுக் காவல் இருப்பவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம் எசாயா 40, லூக்கா 3. இங்கே அவசரப்படாதீர்கள். பள்ளத்தாக்கு நிரவப்பட வேண்டும், மலை தாழ்த்தப்பட வேண்டும், வழி நேராக வேண்டும் என்கிறது வாசகம். நீலகிரியில் அது வடகிழக்குப் பருவமழையின் காலம். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் மண் சரிந்தால் ரயில் நிற்கும், பஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றும். பாறையும் வேரும் சேறும் அகற்றப்படும்வரை யாரும் போக முடியாது, யாரும் வரவும் முடியாது. அந்தக் காட்சியைக் கண்முன் நிறுத்திக் கேளுங்கள்: என் வீட்டுக்கு வரும் வழியில் எது சரிந்து கிடக்கிறது? யாருக்கு அந்த வழி அடைந்து போயிருக்கிறது? திருமுழுக்கு யோவானிடம் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, இரண்டு அங்கி உள்ளவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கச் சொன்னார். மலையில் டிசம்பரில் இதை உருவகமாக்கத் தேவையில்லை. பீரோவில் கூடுதலாக இருக்கும் ஸ்வெட்டரை எடுத்து வையுங்கள்.

மூன்றாம் வாரம் எசாயா 35, லூக்கா 1-இல் யோவானின் தந்தை செக்கரியா. நான்காம் வாரம் மத்தேயு 1:18-25, லூக்கா 1-இல் மரியா. டிசம்பர் 24 இரவு லூக்கா 2:1-20. நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுமுன் வாசித்துவிடுங்கள், திரும்பி வந்தபின் முடியாது. வயலில் விழித்திருந்த இடையரைப் பற்றி வாசிக்கும்போது, விடியுமுன் ஹெட்லைட் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கும் கைகளைப் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்தலாம்.

26-ஆம் தேதியே கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்காதீர்கள். ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள்வரை இருக்கட்டும். அந்த நாட்களில் லூக்கா 2:22-38 போதும்: வயதான சிமியோனும் அன்னாவும் கோவிலில் காத்திருந்து குழந்தையைக் காணும் பகுதி. எஸ்டேட் லயத்திலோ (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்துத் தெருவிலோ தனியாக இருக்கும் ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போய், அவர் காதுக்கு எட்டும்படி அதை வாசியுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வளையத்தில் மிஞ்சிய நான்காம் திரியையும் ஒரு தீப்பெட்டியையும் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். கரண்ட் போகும் இரவுகளில் அவருக்கு உதவும்.