புது சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரை அது வருவதற்கு முன்பே எடைபோடுவது எப்படி

ஒரு தொடரை அறிவித்த நாளுக்கும் முதல் எபிசோட் வரும் நாளுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடும். அதுவரை கையில் இருப்பது ஒரு போஸ்டர், நாலைந்து ஸ்டில், நடிகர் பட்டியல், இரண்டரை நிமிட டிரெய்லர். இதை வைத்தே பலர் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். பழைய தொடரின் மேல் உயிரையே வைத்திருக்கும் ரசிகருக்குப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் வரும் செய்திகளில் சிலவற்றுக்குத்தான் எடை உண்டு, பல வெறும் பதர். அவற்றைப் பிரிக்கும் முறை இது.

முதலில் ஒரு தாள்

தேதி போட்டு, தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் தெரிந்த செய்தி, அதைச் சொன்னது யார். இரண்டாவதில் அதிலிருந்து உங்களுக்கு வந்த ஊகம். மூன்றாவதில் திரையில் எதைப் பார்த்தால் அந்த ஊகத்தைக் கைவிடுவீர்கள் என்பது. மூன்றாவது பத்தியில் எழுத எதுவுமே தோன்றவில்லை என்றால், அந்த ஊகத்தை இன்னும் யாரிடமும் சொல்ல வேண்டாம். எதைக் காட்டினாலும் மாறாத கருத்துக்கு அந்தத் தொடரே தேவையில்லை.

2003-ல் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற பழைய விண்வெளித் தொடர் புதிதாகத் திரும்பி வந்ததை இந்தத் தாளில் போட்டுப் பார்க்கலாம். முதல் பத்தி: 1978 தொடரில் டர்க் பெனடிக்ட் ஆணாக நடித்த ஸ்டார்பக் பாத்திரத்தை இப்போது கேட்டி சாக்காஃப் பெண்ணாக நடிக்கிறார், மனிதரின் எதிரிகளான சைலான் ரோபோக்களில் சிலர் மனித உருவத்தில் வருகிறார்கள், எழுதுவது ரொனால்ட் மூர். இரண்டாவது பத்தி, அன்றைக்கு ரசிகர்கள் பலர் நினைத்தபடி: பழைய தொடரை மதிக்காதவர்கள் கையில் அது சிக்கிவிட்டது. மூன்றாவது: ஸ்டார்பக் யாருக்கும் அடங்காத, கை தேர்ந்த விமானியாகவே இருந்தால் ஏற்றுக்கொள்வேன். இப்படி எழுதினாலே முதல் பத்திக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய தாவல் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். டிசம்பர் 8, 9 தேதிகளில் குறுந்தொடர் வந்தபோது மூன்றாவது பத்தி நிறைவேறியே விட்டது. அதன் பிறகு வந்த முழுத் தொடர் பீபடி விருது வாங்கி, 2009 வரை ஓடியது.

இதில் ரிச்சர்ட் ஹாட்சின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 1978 தொடரில் அப்பல்லோவாக நடித்தவர் அவர். பழைய கதையைத் தொடர வேண்டும் என்று 1999-ல் தானே ஒரு டிரெய்லர் எடுத்துக் காட்டினார். மறு ஆக்கம் என்ற செய்தி வந்ததும் வெளிப்படையாக எதிர்த்தார். பிறகு அதே மறு ஆக்கத்தில் டாம் ஸாரெக் என்ற முக்கியமான பாத்திரத்தில் நடித்தார். அவரைவிடப் பெரிய உரிமை எந்த ரசிகருக்கும் கிடையாது. அவராலேயே மாற்றிக்கொள்ள முடிந்தது.

எதற்கு எவ்வளவு எடை

அதிக எடை எழுத்துக்குத்தான். அமெரிக்கத் தொடர்களில் கதையைக் கட்டி மேய்ப்பவர் ஷோரன்னர். அறிவிப்பில் இருந்த பெயரே டிரெய்லர் வரும்போதும் அந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லரின் கடைசியில் வரும் பெயர் வரிசையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். தொடரை உருவாக்கியவர் பாதியில் போய்விட்டாலும் அவர் பெயர் அங்கே இருந்துகொண்டே இருக்கும். ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரி நல்ல உதாரணம். 2017 ஜனவரியில் வருவதாக இருந்தது, மே மாதத்துக்குத் தள்ளிப்போனது, கடைசியில் செப்டம்பர் 24-ல்தான் வந்தது. நடுவில், 2016 அக்டோபரில், ஷோரன்னர் பிரையன் ஃபுல்லர் விலகிவிட்டார். ஆரம்ப எபிசோடுகளின் கதையில் அவர் பெயர் இருக்கும், அதை நடத்திக்கொண்டு போனது வேறு ஆட்கள். தேதி இரண்டு முறை தள்ளிப்போய், ஷோரன்னரும் மாறினால் தாளில் எழுத வேண்டியது "சீசனின் நடுவில் கதை திசை மாறும்" என்பது. "குப்பை" என்று எழுதக் கூடாது. டிஸ்கவரி ஐந்து சீசன் ஓடி 2024-ல்தான் முடிந்தது.

அடுத்த எடை எபிசோட் எண்ணிக்கைக்கு. நாவலைத் தழுவிய தொடர் என்றால் இதைவிட நம்பகமான தடயம் முன்கூட்டியே கிடைக்காது. ஆனாலும் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. எபிசோட் எண்ணிக்கையை ஒரு எபிசோடின் நீளத்தால் பெருக்குங்கள். ஒரு மணி நேரத் திரைக்கு ஐம்பது, அறுபது பக்கம் என்றால் கதை நிதானமாக நடக்கும் என்பது எங்கள் தோராயக் கணக்கு. சீன எழுத்தாளர் லியு சிஷினின் மூன்று உடல் சிக்கல் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் வந்த, சீன நிறுவனமான டென்சென்டின் தொடர், முதல் நாவலுக்கு மட்டும் 30 எபிசோட் ஒதுக்கியது. 2024 மார்ச்சில் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் முதல் நாவலோடு அடுத்த இரண்டிலிருந்தும் துண்டுகளைச் சேர்த்து 8 எபிசோடுக்குள் அடக்கியது. அந்த எட்டு என்ற எண்ணைப் பார்த்த உடனே இரண்டு விஷயத்தை ஊகித்திருக்கலாம்: பாத்திரங்களைச் சேர்த்துக் குறைப்பார்கள், அறிவியல் விளக்கங்களை வேகமாகத் தாண்டுவார்கள். வெளிவரும் முன் நடந்த பேச்சில் பெரும்பகுதி பாத்திரங்களின் நாட்டை மாற்றியதைப் பற்றியே இருந்தது. அந்த மாற்றமும் விவாதிக்க வேண்டியதுதான், ஆனால் வேகத்தைப் பற்றிய கேள்வி அதைவிட முக்கியம்.

நாவல் தழுவல் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. மூலக் கதையின் அச்சாணி எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் கதைகளில் அந்த வாக்கியம் இப்படி இருக்கும்: கோடானுகோடி மக்களின் போக்கைக் கணிக்கலாம், தனி மனிதரைக் கணிக்க முடியாது. 2021-ல் ஆப்பிள் டிவி பிளஸ் அதைத் தொடராக்கியபோது கால் டோர்னிக்கும் சால்வர் ஹார்டினும் பெண்களாக வந்தார்கள். அதற்கு எழுந்த சத்தத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த மாற்றம் அச்சாணியைத் தொடவே இல்லை. விசேஷ சக்தி உள்ள தனி ஆட்கள் வரலாற்றைத் திருப்புகிறார்களா என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அங்கேதான் தொடர் மூலத்திலிருந்து நிஜமாகவே விலகிப் போகிறது. பேரரசரை நகலெடுத்து நகலெடுத்து ஆளவைக்கும் கிளியோன் வம்சம் மூலக் கதையில் கிடையாது. ஆனால் தொடரிலேயே எழுத்து வலுவாக நிற்பது அந்தப் பகுதியில்தான் என்பது எங்கள் கருத்து. மூலத்தில் இல்லாதது எல்லாம் கெடுதல் என்ற கணக்கும் அங்கே பொய்த்துப்போகிறது.

தோற்றத்துக்கும் உடைக்கும் குறைந்த எடையே போதும். 1966 ஸ்டார் ட்ரெக்கில் க்ளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தவரின் நெற்றி வழுவழுவென்று இருந்தது. 1979 படத்தில் மேடு பள்ளம் வந்தது. இன்றைக்கு ரசிகர் மனதில் அசல் க்ளிங்கானாகப் பதிந்திருப்பது அந்த மேடு பள்ள நெற்றிதான். டிஸ்கவரியின் முதல் சீசனில் மொட்டைத் தலையோடு வந்தபோது பெரிய எதிர்ப்பு, இரண்டாவது சீசனில் முடி வந்துவிட்டது. தோற்றம் திருத்தக்கூடிய விஷயம், பல சமயம் திருத்தவும் படுகிறது.

டிரெய்லரைப் பார்க்கும் விதம்

மூன்று முறை பாருங்கள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாவது முறை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு. டிரெய்லரில் வரும் இசை பெரும்பாலும் தொடரின் இசை கிடையாது. அதை எடுத்துவிட்டால் காட்சி தன் காலில் நிற்கிறதா என்று தெரியும். அப்போதே எத்தனை வெவ்வேறு இடங்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். ஒரே கப்பல் தளம், ஒரே பாலைவனம் என்று இரண்டு மூன்று இடம்தான் திரும்பத் திரும்ப வந்தால், முதல் ஓரிரு எபிசோடிலிருந்தே வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது முறை திரையைப் பார்க்காமல் வசனத்தை மட்டும் கேளுங்கள். பிறகு பேசுகிறவரின் வாய் தெரியாத வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை வேறு காட்சியிலிருந்து எடுத்து ஒட்டியவையாக இருக்கலாம், அதனால் அவற்றை வைத்துக் கதையை ஊகிக்காதீர்கள்.

கிராபிக்ஸ் மோசம் என்று தோன்றினால் வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். ஐந்தாறு மாதம் முன்னால் வரும் டிரெய்லரில் முடியாத வேலை நிறைய இருக்கும். அடிப்படை வடிவமே தவறாக இருந்தால் அது வேறு விஷயம், அதைச் சீக்கிரமாகவும் குறிப்பாகவும் சொல்வதில் பயன் உண்டு. தொடர் இல்லை, படம்தான் என்றாலும், வீடியோ கேம் பாத்திரத்தை வைத்து எடுத்த சோனிக் ஒரு நல்ல சாட்சி. 2019 ஏப்ரல் கடைசியில் டிரெய்லர் வந்தது, பாத்திரத்தின் முகத்தைப் பற்றி எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள், வடிவத்தை மாற்றினார்கள், படம் நவம்பரிலிருந்து 2020 பிப்ரவரிக்குப் போனது. "பல் மனிதப் பல் மாதிரி இருக்கிறது" என்பது வேலை செய்கிறவருக்குப் புரியும் குறை. "என் குழந்தைப் பருவத்தை அழித்துவிட்டார்கள்" என்பதை வைத்து அவர் எதையும் திருத்த முடியாது.

கசிந்த பிரதிகளைத் தொடாதீர்கள். 2005-ல் டாக்டர் ஹூ மறுபடி தொடங்கியபோது முதல் எபிசோடின் முழுமையாகாத பிரதி ஒளிபரப்புக்குச் சில வாரம் முன்பே கசிந்தது. பாப் பாடகியாக அறியப்பட்ட பில்லி பைப்பரைத் தேர்ந்தெடுத்ததிலும் பலருக்கு நம்பிக்கை இல்லை. மார்ச் 26 அன்று பிரிட்டனில் ஒரு கோடிப் பேருக்கும் மேல் பார்த்தார்கள், பைப்பரின் ரோஸ் டைலர் அந்தத் தொடரின் தூணானார்.

வெளிவரும் முன் தெரியும் ரசிகர் மதிப்பெண்களுக்குச் சுழியம் எடை. இதற்காகவே 2019 பிப்ரவரியில் ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தொகுப்புத் தளம் வெளியீட்டுக்கு முந்தைய ரசிகர் கருத்துகளை நிறுத்தியது.

வந்த பிறகு

எட்டு, பத்து எபிசோட் தொடருக்கு மூன்று எபிசோட் கொடுங்கள். முதலாவது ஆட்களை அறிமுகம் செய்வதிலேயே தீர்ந்துவிடும், இரண்டாவது அதன் பாக்கியைக் கட்டும், மூன்றாவதில்தான் தொடரின் வழக்கமான நடை தெரியும். இருபதுக்கு மேல் எபிசோட் இருந்த பழைய தொடர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. 1987-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் புது கேப்டன், புது ஆட்கள் என்ற முணுமுணுப்புக்கு நடுவில்தான் வந்தது. முதல் இரண்டு சீசன் தடுமாறியது. மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்புக்கு வந்த மூன்றாவது சீசனில்தான் நிமிர்ந்து நின்றது.

பார்க்கும் வரிசையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2002-ல் ஃபயர்ஃபிளை என்ற விண்வெளித் தொடரின் அறிமுக எபிசோடை ஃபாக்ஸ் சேனல் டிசம்பரில், கடைசியாகத்தான் போட்டது. செப்டம்பரில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு அந்த ஆட்கள் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்றே தெரியாது. இப்போது பார்ப்பவர்கள் "செரினிட்டி" என்ற இரட்டை எபிசோடிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது எபிசோட் முடிந்ததும் தாளை எடுத்து ஒவ்வொரு ஊகத்துக்கும் எதிரே சரி, தவறு, இன்னும் தெரியாது என்று குறியுங்கள். எழுதியதைத் திருத்தாதீர்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் நிறுத்திவிடலாம். காரணத்தை எழுதும்போது எபிசோட் எண், காட்சி, எந்த வசனத்தில் அல்லது எந்தத் திருப்பத்தில் கை நழுவியது என்று எழுதுங்கள். அடுத்த சீசன் அறிவிப்பு வரும்போது, முதல் பத்தியில் போட உங்களிடம் இருக்கும் உறுதியான செய்தி அதுவே.