கைக்குழந்தையோடு பிரான்சுக்குப் போகிறீர்களா? கிரெஷில் என்ன பார்க்க வேண்டும்

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ பாரீஸ் பக்கம் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வாடகை, விசா, குளிர் சட்டை பற்றித்தான். கிரெஷ், அதாவது மூன்று வயது வரைக்கான குழந்தைக் காப்பகம், பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. அவர்களுக்கும் முதல் கேள்வி, "அங்க ஏபிசிடி எந்த வயசுல ஆரம்பிப்பாங்க?" என்பதுதான். கிரெஷில் ஆரம்பிக்கவே மாட்டார்கள். மூன்று வயது வரை எழுத்து கிடையாது, எண் கிடையாது, ஹோம்வொர்க் நோட்டும் கிடையாது. லாஸ்பேட்டையில் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு டை கட்டி ப்ரீகேஜி அனுப்பிப் பழகினவர்களுக்கு, காசு வாங்கிக்கொண்டு சும்மா விளையாட விடுகிறார்களே என்றுதான் தோன்றும்.

இடம் பிடிக்கிற கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நகராட்சி கிரெஷுக்கு மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பெயர் கொடுக்க வேண்டும், நம் பீச் ரோட்டில் இருக்கிறதே, அந்த மேரி மாதிரிதான். பல ஊர்களில் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்திலிருந்தே பெயர் வாங்குகிறார்கள், பாரீஸைச் சுற்றி வரிசை நீளம், அதனால் போய் இறங்கியதும் கொடுத்துவிடுங்கள். கட்டணம் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. ஒரே குழந்தை என்றால் மணிக்கு, மாத வருமானத்தில் 0.0619 சதவீதம். மாதம் 2000 ஈரோ வருகிற வீட்டுக்கு மணிக்குச் சுமார் 1.24 ஈரோ, சாப்பாடும் டயப்பரும் அதற்குள்ளேயே. மைக்ரோ கிரெஷ் எனப்படும் சின்னத் தனியார் காப்பகங்களில் பெரும்பாலும் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஒரு பகுதியை, குடும்ப உதவித்தொகை தருகிற காஃப் அலுவலகத்திலிருந்து திரும்ப வாங்குவீர்கள். மூன்றாவது வழி, உரிமம் பெற்ற ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே சில பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. எல்லாரும் நூனூ என்பார்கள். அங்கே நீங்கள்தான் முதலாளி, ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் தெரிந்த அக்கா ஒருவர் உரிமம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றால் வேண்டாம், நாளை ஒன்று ஆனால் இருவருக்குமே சிக்கல்.

சரி, தரத்துக்கு வருவோம். பிரான்சில் சட்டப்படி நடக்கத் தொடங்காத குழந்தைகள் ஐந்து பேருக்கு ஊழியர் ஒருவர், நடக்கிற குழந்தைகள் எட்டுப் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும், அல்லது எல்லா வயதுக்கும் சேர்த்து ஆறு பேருக்கு ஒருவர் என்று அந்த இடம் தேர்ந்துகொள்ளலாம். தாளில் எல்லா இடமும் இதைக் காட்டும். நீங்கள் கேட்க வேண்டியது, காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் உள்ளே எத்தனை பேர், ஒருவர் லீவு போட்டால் பதிலுக்கு யார், இந்த அறையில் இருப்பவர்கள் இங்கே எவ்வளவு காலமாக வேலை செய்கிறார்கள். கடைசிக் கேள்விதான் என் கணக்கில் பெரியது. என் சொந்தத்தில் ஒரு குழந்தையைப் புத்தம்புது மைக்ரோ கிரெஷ் ஒன்றில் விட்டார்கள். சுவர் அழகு, பொம்மை அழகு, ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பிள்ளை யார் மடியில் உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே அழும், சாயங்காலம் கேட்டால் "நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான்" என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதில். பிறகு ஒரு பழைய நகராட்சி கிரெஷில் இடம் கிடைத்தது, பெயிண்ட் உரிந்த கட்டிடம்தான், அங்கே போன பிறகு அழுகை நின்றது.

2022ல் லியோனில் ஒரு மைக்ரோ கிரெஷில் பதினோரு மாதக் குழந்தை ஊழியர் கையால் இறந்தது நாட்டையே உலுக்கியது. அடுத்த வருடம் அரசின் ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கையும் இடத்துக்கு இடம் தரம் ரொம்பவே வேறுபடுகிறது என்றுதான் சொன்னது. பயமுறுத்தச் சொல்லவில்லை, பிரான்ஸ் என்றாலே எல்லாம் சரியாக இருக்கும் என்று பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் நம் சொல்தா வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன்.

போய்ப் பார்க்கும்போது பொம்மையைப் பார்க்காதீர்கள், பெரியவர்களின் முழங்காலைப் பாருங்கள். குழந்தையோடு பேசும்போது தரையில் உட்காருகிறார்களா, நின்றபடியே தலைக்கு மேல் பேசுகிறார்களா? மூக்கைத் துடைக்கும் முன், தூக்கும் முன், "இப்போது தூக்கப் போகிறேன்" என்று சொல்கிறார்களா? பேச்சே வராத குழந்தையிடம் எதற்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள், டயப்பர் மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் குழந்தை நிறையப் பேச்சு கேட்கிறது, அதுதான் அந்த வயதுக்குப் பாடம். அழுகிற குழந்தையை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா, சாப்பாட்டைத் திணிக்கிறார்களா, டிவி ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் திரை காட்டக் கூடாது என்று 2025ல் விதியாகவே போட்டுவிட்டார்கள்.

கைக்குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அது தானாகப் புரளட்டும், தவழட்டும் என்று காத்திருப்பார்கள். உட்காரத் தெரியாத பிள்ளையைத் தலையணை வைத்து உட்காரவைப்பது, நடைவண்டியில் நிறுத்துவது எல்லாம் அங்கே செய்வதில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பாட்டி போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, புள்ளைய தரையில போட்டு வெச்சிருக்காளுங்க?" என்று கேட்பார், அப்போது பதில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

ஊரிலிருந்தே செய்ய வேண்டியவை சில உண்டு. தூளியில் மட்டுமே தூங்கிப் பழகிய குழந்தை அங்கே ரொம்பத் திண்டாடும், ஏனென்றால் கிரெஷில் தட்டையான கட்டிலில், தலையணை இல்லாமல், மல்லாக்கத்தான் தூங்கவைப்பார்கள். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே பகல் தூக்கத்தையாவது படுக்கைக்கு மாற்றுங்கள். கம்மல், கருமணி வளையல், கழுத்துச் செயின் எதுவும் உள்ளே கூடாது, விழுங்கிவிடும், கழுத்தை இறுக்கும் என்ற பயம். அரைஞாண் கொடியையும் அவிழ்க்கச் சொல்வார்கள், கோபப்படாதீர்கள். தடுப்பூசி அட்டையை மொழிபெயர்த்து எடுத்துப் போங்கள். 2018க்குப் பிறகு பிரான்சில் பிறந்த குழந்தைகளுக்குப் பதினொரு நோய்க்குத் தடுப்பூசி கட்டாயமானது, 2025ல் பட்டியல் இன்னும் நீண்டது, வெளியிலிருந்து வரும் குழந்தைக்கும் கிரெஷில் இதைத்தான் கேட்பார்கள். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி உண்டு, பொன்னுக்கு வீங்கிக்குக் கிடையாது, மூளையுறைக் காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமிக்கும் கிடையாது. அங்கே இரண்டும் கட்டாயம், டாக்டர் விட்டதைப் போட்டுவிடுவார்.

முதல் வாரம், சில இடங்களில் இரண்டு வாரம், பழக்கும் காலம். முதல் நாள் நீங்களும் கூடவே ஒரு மணி நேரம் உட்காருவீர்கள், அப்புறம் கொஞ்ச நேரம் விட்டுப் போவீர்கள், அப்படியே நேரம் கூடும். வேலைக்குச் சேரும் தேதியை இதைக் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் துணியோ பொம்மையோ ஒன்றைக் கேட்பார்கள், அம்மாவின் பழைய புடவைத் துண்டு தாராளமாகப் போதும், துவைக்காமல் கொடுங்கள், வாசனைக்காகத்தான் அது. கண் மறைவாக நழுவிப் போகாதீர்கள், அழுதாலும் "சாயங்காலம் வரேன்" என்று தமிழில் சொல்லிவிட்டே போங்கள்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்கு பிரெஞ்சு சீக்கிரம் வரட்டும் என்று, தங்களுக்கே சரியாக வராத பிரெஞ்சில் வீட்டில் பேசுகிற பெற்றோரைப் பாரீஸ் புறநகர்களில், சார்செலிலும் பார்த்திருக்கிறேன், லா குர்னெவிலும் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. நல்ல கிரெஷில் அவர்களே வீட்டு மொழியை விடாதீர்கள் என்பார்கள், தூக்கம், தண்ணீர், வலி, அம்மா என்று நாலைந்து தமிழ்ச் சொல்லை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்ளவும் செய்வார்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஏதாவது தப்பாகப் பட்டால் முதலில் கிரெஷ் பொறுப்பாளரிடம் பேசுங்கள், சரியாகவில்லை என்றால் மாவட்டத்தின் பேஎம்இ இருக்கிறது, தாய் சேய் நலத்துக்கு 1945ல் தொடங்கிய அமைப்பு, கிரெஷையும் நூனூக்களையும் கண்காணிப்பது அவர்கள் வேலை. பிரெஞ்சு போதாது என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

மூன்று வயதானால் மாத்தர்னெல் என்கிற மழலையர் பள்ளி, 2019 செப்டம்பரிலிருந்து கட்டாயம், அரசுப் பள்ளியில் கட்டணமில்லை. குழந்தைக்கு மூன்று வயது நிறைகிற அந்த வருடத்துச் செப்டம்பரில் சேர்ப்பார்கள், பிறந்தது டிசம்பர் என்றாலும் அதே செப்டம்பர்தான். பதிவு சில மாதம் முன்பே தொடங்கிவிடும். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டு முகவரிக்கு ஒரு மின் கட்டண ரசீது, மூன்றையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் மேரிக்குத்தான் போக வேண்டும்.