கோழிக்குஞ்சுக்குத் தீனிப்பை வீங்கினால்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிள்ளைகளுக்காக வாங்கி வந்த குஞ்சு சோர்ந்து நின்றால், முதலில் அதன் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கம் சின்னப் பை போல இருக்கும். ராத்திரி நிறைந்திருப்பது இயல்புதான். விடிந்ததும், தீனி போடும் முன்பே தொட்டால் அது காலியாக இருக்க வேண்டும்.

காலையிலும் கல் மாதிரி இருந்தால் அடைப்பு. தளதளவென்று தண்ணீர்ப்பை போல இருந்து, அலகில் புளித்த மாவு வாடை வந்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கலாம்.

எதுவானாலும் தீனியை நிறுத்திவிட்டு, முதலில் சூடு கொடுங்கள். குளிர்ந்த குஞ்சுக்குச் செரிமானமே நடக்காது. நம்ம ஊர் வெயிலை நம்ப வேண்டாம். ஏசி அறையும் மழைக்காலமும் குஞ்சுக்கு ஆகாது. முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும். அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு போடுங்கள், சூடு அதிகமானால் தள்ளிப் போக இடம் இருக்கட்டும்.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், தானாகக் குடிக்கும். அடைப்பு என்றால் விரல் நுனியால் மெதுவாக நீவிவிடலாம். தயவுசெய்து தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; தண்ணீர் மூச்சுக்குழாயில் போய் உயிரே போய்விடும்.

சில மணி நேரத்தில் பை இளகவில்லையா? வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குஞ்சு நாள் கணக்கில் தாங்காது.

தேறியதும் குஞ்சுத் தீவனம் மட்டும் போதும். சோறு, நூல், தேங்காய் நார் எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம்.